நாலு மூவ் அக்கா

ரெண்டு முள்ளங்கி வாங்க ஒரு மனுஷிக்கு எவ்ளோ நேரம் ஆவும்? எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த அக்காவுக்கு இருவது நிமிஷம். மத்திகிரில எங்க லைன் வீட்டு முன்னாடி தள்ளுவண்டி வரும். அக்கா ஒவ்வொரு முள்ளங்கியா எடுப்பாங்க, திருப்புவாங்க, நுனிய நகத்தால கீறுவாங்க, வெப்பாங்க. அப்புறம் வெச்சதையே மறுபடி எடுப்பாங்க. வண்டிக்காரர் கன்னடத்துல "சாகு அக்கா, சாகு"ன்னு கெஞ்சுவாரு. போதும் விடுங்கன்னு. அக்கா வீட்டுல தெலுங்கு, வெளிய தமிழ், வண்டிக்காரர்கிட்ட மூணும். "இரு பா, இன்னொரு வாட்டி பாத்துடறேன்."

இந்த இன்னொரு வாட்டிதான் அந்த அக்கா. வேற எதுவுமே கெடயாது. ஆளு, குணம், வேலை, எல்லாமே இன்னொரு வாட்டி.

நான் அவங்களுக்கு பக்கத்து போர்ஷன். பாரூர் பக்கம் நெல்லு கரும்புன்னு இருக்கற வீட்டுல இருந்து இஞ்சினியரிங் முடிச்சிட்டு, ஓசூர்ல வண்டி பார்ட்ஸ் செய்ற ஒரு கம்பெனில ட்ரெய்னியா சேந்திருந்தேன். அக்கா அதே கம்பெனில ஃபைனல் இன்ஸ்பெக்ஷன், கான்ட்ராக்ட். வயசு நாப்பது, நாப்பத்தி ரெண்டு இருக்கும். காலைல அஞ்சரைக்கு கம்பெனி பஸ். பஸ் வந்து நின்னு ஹாரன் அடிச்சாலும் அக்கா பூட்டுன பூட்ட மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுதான் வருவாங்க. பஸ்ல எவனாவது "அக்கா, அது பூட்டு, இழுத்தா பெருசாகாது"ன்னு கத்துவான். அவங்க சிரிக்கக்கூட மாட்டாங்க. வந்து உக்காந்து, "நீ பூட்டினியா தம்பி?"ன்னு என்ன கேப்பாங்க. நான் பூட்டினேனா இல்லயான்னு எனக்கு அந்த செகண்ட்ல இருந்து டவுட்டு. ஷிஃப்ட் முழுக்க டவுட்டு.

அவங்க வேலை இதுதான்: ஒரு பார்ட்டுல இருக்கற ஓட்டைக்குள்ள கேஜ் வெச்சுப் பாக்கறது. கேஜ்னா சின்ன உருளக் கம்பி மாதிரி, ரெண்டு முனை. ஒரு முனை உள்ள போவணும், இன்னொரு முனை உள்ள போவக்கூடாது. அப்படி இருந்தா பச்சை ட்ரே. சந்தேகம்னா மஞ்சள். தப்புன்னா சிவப்பு டப்பா. ஒரு தடவ, லாரி வாசல்ல நிக்குது, லோடு கெளம்பணும், அக்கா மொத்த லாட்டையும் நிறுத்திட்டாங்க. போவக்கூடாத முனை உள்ள போவுதாம். சூப்பர்வைசர் தொண்ட கிழிய கத்துறாரு. ஷிஃப்ட் முடிஞ்சும் எங்கள யாரையும் வீட்டுக்கு விடல, ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் திரும்ப அளந்தோம். கடைசில பாத்தா பார்ட்ஸ் எல்லாம் சுத்தம். தேஞ்சு போயிருந்தது கேஜ்தான்.

பஸ்ல மொத்த ஷிஃப்டும் அவங்கள மொறச்சிச்சு. நான் ஸ்பெஷலா மொறச்சேன், ஏன்னா பசி. அக்கா கொஞ்சமும் அசரல. "கேஜ்ஜ நான் பாத்திருக்கணும், பாக்கல. நாளைல இருந்து அதையும் பாக்கறேன்"ன்னு சொன்னாங்க. மன்னிப்பு கேக்கற டோன்ல இல்ல. வேலை கூடிப்போச்சுங்கற சந்தோஷத்துல.

சரி, செஸ்ஸுக்கு வரேன்.

காலேஜ்ல நான் செஸ் டீம். இத நான் எப்படி சொல்லுவேன்னா "ஸோனல்ஸ் ஆடிருக்கேன்"னு அசால்ட்டா சொல்லி, ஜன்னல் பக்கம் பாப்பேன். உண்ம என்னன்னா, அந்த மண்டலப் போட்டில எங்க டீமோட மூணாவது போர்டு ஆடறவனுக்கு காய்ச்சல். நான் பஸ்ல கூட போன ரிசர்வ். அஞ்சு மேட்ச் ஆடி அஞ்சுலயும் பல்பு. ஆன்லைன்ல தெனமும் ஒரு நிமிஷ ஆட்டம் நாப்பது ஆடுவேன். என் ரேட்டிங் மூணு வருஷமா ஒரே எடத்துல நின்னுச்சு, ஓசூர் மேம்பாலத்துக்கு கீழ நிக்கற ட்ராஃபிக் மாதிரி. ஆனா கெத்துக்கு மட்டும் கொறச்சலே இல்ல.

நான் சேந்த வருஷம் கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேக்கு செஸ் போட்டி வெச்சாங்க. அக்கா பேரு குடுக்கப் போனாங்க. நோட்டு வெச்சிருந்த எச்.ஆர் பையன், "அக்கா, ரங்கோலி அந்த நோட்டு"ன்னு சொன்னான். அக்கா, "தெரியும் பா, எனக்கு இந்த நோட்டுதான்"ன்னு சொல்லி எழுதிட்டு வந்துட்டாங்க. டிவில யாரோ ஆடறதப் பாத்துட்டு ஆச வந்துச்சாம். காய் எப்படி நவுரும்னு மட்டும் தெரியும்.

மொத ரவுண்டு, என் கூட.

அக்கா உக்காந்ததும் காய்ங்கள ஒவ்வொண்ணா எடுத்து இன்ஸ்பெக்ஷன் ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு குதிரைக்கு காது ஒடஞ்சிருந்துச்சு. ராணிக்கு அடில ஒட்டுற துணி இல்ல. "இது ரிஜெக்ட் பா, வேற குடுங்க"ன்னு அம்பயர்கிட்ட சண்ட. நான் காய் நவுத்தினேன், அவங்க ஏதோ நவுத்தினாங்க, ஆனா கண்ணு முழுக்க அந்த குதிரை காது மேல. நாலாவது மூவ்ல என் ராணி போய் அவங்க ராஜா பக்கத்துல உக்காந்துச்சு. மேட். ஸ்கூல் பசங்களுக்கு மொத நாள் சொல்லிக் குடுக்கற ட்ரிக்கு அது. அத வெச்சு நான் ஒரு நாப்பது வயசு அக்காவ அடிச்சிட்டு, கைய ரெண்டையும் தூக்கினேன் மச்சி. கைய தூக்கினேன். இப்ப நெனச்சாலும் காது சூடாவுது.

பஸ்ல ஏறினதும் அந்தப் பேர வெச்சது நான்தான். "நாலு மூவ் அக்கா." ஒரே வாரத்துல கேன்டீன் வரைக்கும் போயிடுச்சு. சாம்பார் ஊத்தறவரே "நாலு மூவ் அக்காவுக்கு இன்னொரு கரண்டி"ன்னு சொல்வாரு.

அக்கா கோவப்படல. அடுத்த நாள் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "தம்பி, அத எப்படி பண்ண, இன்னொரு வாட்டி காட்டு." காட்டினேன். "இன்னொரு வாட்டி." காட்டினேன். ஏழு தடவ. எனக்கு தூக்கம் வேற. தப்பிச்சுக்கறதுக்காக ஃபோன்ல இருந்த ஒரு பிடிஎஃப்ப அனுப்பி விட்டேன், முன்னூறு புதிர் இருக்கற ஃபைலு. எல்லாம் சின்ன சின்ன அடிதான். குதிரை ஒரே தாவுல ரெண்டு பேர அடிக்கறது, யானைய வெச்சு ராணிய நவுர விடாம கட்டறது, அந்த மாதிரி. "இத போடுங்க அக்கா, முடிச்சதும் சொல்லுங்க." ஒரு வருஷத்துக்கு தொல்ல விட்டுச்சுன்னு நெனச்சேன்.

அக்கா அத ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்து, கத்தரில ஒவ்வொரு புதிரா வெட்டி, முன்னூறு துண்டு பண்ணிட்டாங்க. விடை இருக்கற பக்கத்த பீரோல வெச்சு பூட்டிட்டாங்க. (இழுத்துப் பாத்திருப்பாங்க, அதுல டவுட்டே இல்ல.) அப்புறம் மூணு ஸ்வீட் டப்பா. பாத்த ஒடனே விடை வந்தா பச்சை. யோசிச்சு வந்தா மஞ்சள். தப்பா போனா சிவப்பு. தெனமும் பஸ்ல போவும்போது சிவப்பு, வரும்போது மஞ்சள். ஞாயித்துக்கிழம பச்சை டப்பால கைய விட்டு பத்து எடுத்து சாம்பிள் செக்கிங்.

"பச்சைதான் வந்துடுச்சே, அத எதுக்கு அக்கா மறுபடி?"

"நேத்து வந்துச்சு. இன்னிக்கு வருமான்னு தெரியுமா?"

முன்னூறு முடிஞ்சதும் வேற ஃபைல் கேப்பாங்கன்னு நெனச்சேன். கேக்கல. அதே முன்னூறு, மொதல்ல இருந்து. ரெண்டாவது சுத்து, மூணாவது சுத்து, அஞ்சாவது சுத்து. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் மனசுல பதிஞ்சு போச்சு. "தம்பி, எழுவத்தி நாலு செம புதிரு இல்ல?"ன்னு கேப்பாங்க. எழுவத்தி நாலு எதுன்னு எனக்கு எப்படி தெரியும்? ஃபைல் அனுப்பினவன்தான் நான். தொறந்தவன் கெடயாது.

என் ரூம்மேட்டு ஒருத்தன், திண்டுக்கல்காரன், டூல் ரூம்ல வேல. அவன்தான் என்ன ஏத்தி விடறது. "மாப்ள, அக்கா எட்டாவது சுத்தாம். நீ எந்த சுத்துடா?"

"அது செஸ் இல்லடா, மனப்பாடம்"ன்னு சொன்னேன். அப்பவே அதை நிரூபிச்சும் காட்டினேன். அக்காவோட பச்சை டப்பால இருந்து ஒரு புதிர எடுத்து, ஃபோன்ல கண்ணாடில பாக்கற மாதிரி எடம் வலமா திருப்பி காட்டினேன். அதே காய்ங்க, அதே அடி, பக்கம் மட்டும் மாறி. அக்கா பாத்தாங்க. பாத்துக்கினே இருந்தாங்க. பஸ்ஸு கம்பெனி இருக்கற சிப்காட் கேட்டுக்கே வந்துடுச்சு, விடை வரல.

"பாத்தீங்களா? வாய்ப்பாடு படிச்சிருக்கீங்க, அவ்ளோதான்"ன்னு சொன்னேன். திண்டுக்கல்காரனே "விடுடா"ன்னான்.

அக்கா மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அழுவாங்களோன்னு ஒரு நிமிஷம் பயம் வந்துச்சு. அவங்க மெதுவா, "ஒரு முனைய மட்டும்தான் செக் பண்ணிருக்கேன்"ன்னாங்க. கேஜ் சம்பவத்துல பேசின அதே டோன்.

மறுநாள் காலைல பாக்கறேன், அக்கா துண்டு பேப்பர பஸ் ஜன்னல் கண்ணாடில ஒட்ட வெச்சு புடிச்சிருக்காங்க, பிரின்ட்டு வெளிய பாக்கற மாதிரி. வெளிய விடியற வெளிச்சம். பேப்பர் வழியா போர்டு தலகீழா இல்ல, எடம் வலமா மாறி தெரியுது. முன்னூறையும் பின்பக்கம் வழியா போட ஆரம்பிச்சிட்டாங்க. சிவப்பு டப்பா மறுபடி ரொம்பிடுச்சு, அதுல அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். பஸ்ஸு குலுங்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பில நெத்தி முட்டும். "ஆ"ன்னு ஒரு சத்தம். அப்புறம் "வந்துடுச்சு, குதிரைதான்"ன்னு ஒரு சத்தம். அந்த ரெண்டு சத்தத்துக்கு நடுவுல ஒருத்தரும் தூங்க முடியாது.

அடுத்த வருஷ ஸ்போர்ட்ஸ் டே. நான் செமி ஃபைனல் வந்துட்டேன், ஒருத்தன் லீவு, ஒருத்தன் மொக்க. அந்தப் பக்கம் இருந்து அக்கா வந்திருந்தாங்க. ஸ்டோர்ஸ் இன்சார்ஜையும், பெயின்ட் ஷாப்ல ஒருத்தரையும் அடிச்சிட்டு. கேன்டீன்ல சுத்தி ஒரு முப்பது பேரு. "நாலு மூவ்வா, அஞ்சு மூவ்வா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் விரலால மூணு காட்டினேன். அதான் நான்.

அக்கா பழைய செக் ஷீட்டோட பின்பக்கத்துல ஒவ்வொரு மூவையும் எழுதிக்கினே ஆடினாங்க. எழுதினதயும் ஒரு தடவ படிச்சுப் பாப்பாங்க. நான் என் வழக்கப்படி தட்டு தட்டுன்னு ஆடினேன், எந்திரிச்சுப் போய் டீ எடுத்துட்டு வந்தேன், சீன் போட்டேன். பதினாறாவது மூவ், என் மந்திரிய நவுத்தி அவங்க யானைய மெரட்டினேன். சூப்பர் மூவ்னு நானே நெனச்சேன்.

அக்கா போர்டையே பாத்தாங்க. தலைய லேசா சாச்சாங்க. "நூத்தி பதினெட்டு"ன்னு முணுமுணுத்தாங்க. கொஞ்சம் நிறுத்தி, "திருப்பி வெச்சது."

குதிரை எந்திரிச்சு வந்து என் ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவுல உக்காந்துச்சு. ஒரு தாவு, ரெண்டு அடி. என் ராணி போச்சு.

நான் கைய நீட்டினேன், தோத்துட்டேன் முடிச்சுக்கலாம்னு. அக்கா கை குடுக்கல. "இரு தம்பி. நான் இது வரைக்கும் ராணிய வெச்சு மேட் பண்ணதே இல்ல. புதிர்ல அத்தோட முடிஞ்சிடும். இங்க பண்ணிப் பாத்துடறேன்." அதுக்கப்புறம் நாப்பது மூவு. என் ராஜாவ அந்த மூலைல இருந்து இந்த மூலைக்கு, இங்கேருந்து அங்க. கேன்டீன்காரங்க டேபிள் தொடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. என் பக்கத்துல இருந்த டீ ஆறி ஆட கட்டிடுச்சு. கடைசில மேட். ஃபைனல்ல அக்கா பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட தோத்தாங்க, அதப் பத்தி அவங்களும் கவலப்படல, யாரும் பேசல. பேச்சு முழுக்க செமி ஃபைனல்தான்.

இப்ப சொல்லப்போறது நான் பண்ண கேவலம். பஸ்ல திண்டுக்கல்காரன் ஆரம்பிச்சான். "மாப்ள, வெச்சு செஞ்சிட்டாங்களே." என் வாய் அதுவா தொறந்துச்சு. "டேய், பாவம்டா, ஒரு வருஷமா ஜன்னல்ல முட்டிக்கறாங்க. விட்டுக் குடுத்தேன்."

எல்லாரும் நம்பிட்டாங்க. நம்பறது ஈஸி பாருங்க. ஒரு பக்கம் இஞ்சினியர், ஸோனல்ஸ் ஆடினவன். இன்னொரு பக்கம் நாலு மூவ் அக்கா. மறுநாள் கேன்டீன்ல எச்.ஆர் பையன் என் தோள்ல தட்டி, "நல்ல மனசு ப்ரோ"ன்னான். நான் என்ன பண்ணேன்? தலையாட்டி வாங்கிக்கினேன்.

அக்கா காதுக்கு போவாம இருக்குமா. அன்னிக்கு சாப்பாட்டு பிரேக்ல என் டேபிளுக்கு வந்தாங்க, கைல போர்டு. சத்தம் போடல. எழுதி வெச்ச ஷீட்ட பாத்து, நான் பதினாறாவது மூவ் ஆடறதுக்கு முந்தின எடத்த அப்படியே அடுக்கினாங்க.

"விட்டுக் குடுத்தியாமே."

நான் தயிர்சாதத்த மென்னுக்கினு இருந்தேன்.

"எனக்கு தெரியணும் தம்பி. நான் ஜெயிச்சனா, நீ குடுத்தத எடுத்துக்கினனா. இங்கேருந்து உன் இஷ்டத்துக்கு எத வேணா ஆடு. விடாம ஆடு."

ஆடினேன். ராணி தப்பிச்சுச்சு. யானை போச்சு. தோத்தேன்.

"நாளைக்கு வரேன்"ன்னு போர்ட மடிச்சாங்க.

மறுநாள் வேற மூவ். தோத்தேன். அதுக்கு மறுநாள், தோத்தேன். மொத நாள் நாலு பேரு வேடிக்க பாத்தாங்க, ஒரு வாரத்துல கூட்டம் சுத்தி நின்னுச்சு. திண்டுக்கல்காரன் கேன்டீன் போர்டுல சாப்பாட்டு மெனுக்கு கீழ சாக்பீஸால கோடு போட்டு எண்ண ஆரம்பிச்சான். உலகத்துல ஒரே ஆட்டத்த பதினாலு நாள் தொடர்ந்து தோத்தவன் நான் ஒருத்தனாதான் இருப்பேன். வாய தொறந்து, "அக்கா, நான் விட்டுக் குடுக்கல, நெஜமாவே தோத்தேன்"னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்கும். சொல்லல. அதுக்குப் பதிலா காலைல பல்லு வெளக்கும்போது அந்த எடத்தப் பத்தி யோசிச்சேன். பைக் துடைக்கும்போது யோசிச்சேன். ஒரு நிமிஷ ஆட்டம் ஆடறத எப்ப விட்டேன்னே தெரியல. அந்த முன்னூறு புதிர் ஃபைல மொத தடவயா தொறந்தேன். நூத்தி பதினெட்ட பாத்தேன். அசிங்கமா இருந்துச்சு, அவ்ளோ ஈஸி.

இதுக்கு நடுவுல கம்பெனில அக்கா வேல பாத்த புரொடக்ஷன் லைன மூடப்போறாங்கன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அந்த மாசத்தோட சரி. அக்காவுக்கு கிருஷ்ணகிரில ஒரு மாங்கூழ் ஆலைல செக்கிங் வேல கெடச்சிடுச்சு. பாத்திரம் பண்டத்த கட்டிக்கினே சொன்னாங்க, "அங்க மாம்பழத்த ஒவ்வொண்ணா பாக்கணுமாம்." பழக்காரங்கள நெனச்சு எனக்கு பாவமா இருந்துச்சு.

கடைசி நாள் பிரேக். போர்ட விரிச்சாங்க. நான் ராத்திரில்லாம் முழிக்கல, சும்மா பஸ்ல வரும்போது ஒண்ணு தோணுச்சு, அதயே ஆடினேன். யானைய காப்பாத்தல. போனா போவட்டும்னு விட்டுட்டேன். அக்கா வெட்டினாங்க. அதுக்கப்புறம் என் ராணி எறங்கி செக் வெச்சுச்சு. அக்கா ராஜா நவுந்துச்சு. மறுபடி செக். இந்தப் பக்கம் வந்தா இங்க செக், அந்தப் பக்கம் போனா அங்க செக். மூணு தடவ அதே எடம் வந்துச்சு.

"டிரா அக்கா"ன்னு சொன்னேன்.

"அது எப்படி?"

"அதே எடம் மூணு தடவ வந்தா ஆட்டம் முடிஞ்சிடும். ரூல்."

அக்கா நிமுந்து பாத்தாங்க. "திரும்பத் திரும்ப வந்தா முடிச்சிருவாங்களா? யாரு பா இந்த ரூல போட்டது?" இத்தன நாள்ல அவங்க கோவப்பட்டு நான் பாத்தது அது ஒண்ணுதான்.

சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. திண்டுக்கல்காரன் சாக்பீஸ் கோட்ட அழிக்கப் போனான். எச்.ஆர் பையன் சொன்னான், "பாத்தீங்களா அக்கா, ப்ரோ நெனச்சா தோக்க மாட்டாரு. அன்னிக்கு விட்டுதான் குடுத்திருக்காரு."

அப்பவாவது நான் பேசிருக்கணும். அக்கா என் மொகத்த பாத்தாங்க, நான் பேசுவேன்னு ஒரு ரெண்டு செகண்ட் வெயிட் பண்ணாங்க. நான் குனிஞ்சு காய பொறுக்கினேன். பெல் அடிச்சிடுச்சு. அவங்க ஷீட்ட மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள சொருவிக்கினு போயிட்டாங்க. சாயங்காலம் டெம்போல சாமான் ஏத்தும்போது கூடமாட தூக்கினேன். செஸ்ஸு பத்தி ஒரு பேச்சு இல்ல. பூட்டுன வீட்ட இழுத்துப் பாத்தாங்க, ஹவுஸ் ஓனர்கிட்ட சாவிய குடுத்தாங்க, வண்டி கெளம்பிடுச்சு.

பன்னெண்டு நாள் கழிச்சு, காலைல பஸ்ல இருக்கேன், ஃபோன்ல ஒரு ஃபோட்டோ. ரூல் போட்ட நோட்டுல பென்சிலால வரஞ்ச போர்டு. கட்டமெல்லாம் ஸ்கேல் வெச்சு. கீழ ரெண்டு வரி.

"யானைய ஒடனே வெட்டக்கூடாது தம்பி. மொதல்ல என் ராஜாவ ஒரு கட்டம் தள்ளி வெச்சிடணும். அப்புறம் வெட்டினா உன் செக்கு எதுவுமே வராது."

மத்திகிரில இருந்து சிப்காட் வரைக்கும் அதையே பாத்துக்கினு வந்தேன். ராஜா தள்ளி நின்னா என் ராணிக்கு எறங்க எடமே இல்ல. நான் எத ஆடினாலும் யானை போவுது, அதுக்கப்புறம் எல்லாம் போவுது. பன்னெண்டு நாளு, மாம்பழம் பாத்த நேரம் போவ, அந்த ஒரு கட்டத்த தேடிருக்காங்க.

கேட்டுல எறங்கறதுக்கு முன்னாடி பஸ்ல வரவங்களோட வாட்ஸப் குரூப்ப தொறந்தேன். அக்காவ அதுல இருந்து யாரும் எடுக்கல. டைப் பண்ணேன், அழிச்சேன், டைப் பண்ணேன். கடைசில இப்படி போச்சு: "செமி ஃபைனல்ல நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல. என்னால முடிஞ்ச அளவுக்கு ஆடினேன். தோத்துட்டேன். டிரா ஆனதும் தப்பு, அதுலயும் அக்காதான் ஜெயிக்கறாங்க."

திண்டுக்கல்காரன் எனக்கு ரெண்டு சீட்டு பின்னாடி உக்காந்துக்கினு பதினோரு சிரிப்பு எமோஜி போட்டான். ஒரு அர மணி நேரம் கழிச்சு அக்காகிட்ட இருந்து பதில் வந்துச்சு, குரூப்ல, எல்லாரும் பாக்கற மாதிரி.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. நீ சிப்பாய நவுத்தி ஏதாவது பண்ண முடியுதான்னு பாத்து சொல்லு. எனக்கு பதினொன்றைக்கு பிரேக்."